எடையற்ற வெளியில் விளையும் படிகம்

பனங்கற்கண்டுக் கட்டி ஒன்றை உடைத்துப் பார்த்தோர், அதன் நடுவே ஒரு நூல் ஓடுவதைக் கண்டிருப்பர். பதமாகக் காய்ச்சிய பாகைப் பானையில் ஊற்றி, அதனுள் நூலைத் தொங்கவிட்டு, பல நாள் அசையாது வைத்துவிடுவது வழக்கம். பாகிலுள்ள இனிப்பு மெல்ல மெல்ல நூலின்மேல் வந்து அமர்ந்து, பட்டை தீட்டினாற் போன்ற முகங்களோடு கட்டியாகிறது. இடையே பொறுமையிழந்து பானையைக் கிளறினால் கிடைப்பது கற்கண்டன்று; பொடியே. படிகம் வளர்வதற்கு அமைதி வேண்டும் என்னும் இந்த எளிய உண்மைதான், இன்று பூமிக்கு மேலே பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் நடைபெற்றுவரும் ஓர் அரிய ஆராய்ச்சிக்கும் அடிப்படையாக நிற்கிறது. அவ்வாராய்ச்சியைப் பற்றி நம் சங்கத்து அன்பர்களுக்கு இயன்ற வரையில் எளிதாகச் சொல்ல முயல்வோம்.

அணுக்களோ மூலக்கூறுகளோ வரிசை பிறழாமல் அடுக்கப்பட்டு அமைந்த திடப்பொருளையே படிகம் என்கிறோம். நாம் உண்ணும் உப்பு படிகம். கைக்கடிகாரத்தில் துடிக்கும் குவார்ட்ஸ் படிகம். கைப்பேசியின் உயிர்நாடியான சிலிக்கன் சில்லும் படிகத்திலிருந்து அறுத்தெடுக்கப்பட்டதே. மருந்துக் கடையில் வாங்கும் மாத்திரைகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பனவும் நுண்ணிய படிகங்களே. பொருள் ஒன்றாயினும் அடுக்கு மாறினால் குணமும் மாறிவிடும். பென்சிலில் உள்ள காரீயம் என்று நாம் வழங்கும் கருமையும், மோதிரத்தில் மின்னும் வைரமும் ஒரே கரியணுக்களின் இருவேறு அடுக்குகள் அல்லவா? ஆகவே அடுக்கில் பிழை நேராமல் காப்பது வெறும் அழகுக்காக அன்று, பயனுக்காகவே.

அமைதியைக் கெடுப்பது எது?

பானையை யாரும் தொடாமல் வைத்தாலும் அதனுள்ளே முழு அமைதி நிலவுவதில்லை. அதற்குக் காரணம் எடை. உலையில் நீர் கொதிக்கும்போது அடியில் சூடேறிய நீர் இலேசாகி மேலே எழுவதையும், மேலுள்ள குளிர்ந்த நீர் கீழே இறங்குவதையும், அதனால் அரிசி சுழல்வதையும் இல்லத்தரசியர் நாள்தோறும் காண்கின்றனர். இதனை வெப்பச் சலனம் என்பர். படிகம் வளரும் கரைசலிலும் இதைப் போன்ற ஓட்டம் உண்டு. கரைசலிலிருந்து ஒரு மூலக்கூறு படிகத்தோடு சேர்ந்தவுடன், அதைச் சுற்றியுள்ள கரைசல் நீர்த்து இலேசாகிறது. இலேசானது மேலே எழுகிறது. அந்த இடத்தை நிரப்பப் புதுக் கரைசல் பாய்கிறது. வளர்ச்சியே தன் அமைதியைத் தானே குலைத்துக்கொள்கிறது.

இதுவன்றி வேறு இரண்டு இடையூறுகளும் உண்டு. கனமான துகள் அடியில் சென்று படிந்து, ஒன்றோடொன்று ஒட்டி, கலப்பைச் சீரற்றதாக்குகிறது. உருகிய பொருளை ஏதேனும் ஒரு பாத்திரத்தில்தான் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அப்பாத்திரத்தின் சுவரிலிருந்து அழுக்கும் கலக்கிறது, வேண்டாத இடத்தில் படிகமும் முளைக்கிறது. சலனம், படிதல், பாத்திரம் ஆகிய இம்மூன்றும் எடையின் பிள்ளைகள். எடையை நீக்கிவிட்டால் இம்மூன்றும் பெரும்பாலும் அடங்கும் என்பதே விஞ்ஞானிகளின் எண்ணம்.

எடை எவ்வாறு நீங்குகிறது?

விண்வெளிக்குச் சென்றால் பூமியின் ஈர்ப்பு அற்றுப் போகிறது என்று பலர் கருதுகின்றனர். அது சரியன்று. சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றும் உயரம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரைக்குள்ள ரயில் தூரத்தைவிட இது குறைவு! அந்த உயரத்தில் பூமியின் ஈர்ப்பு, தரையில் உள்ளதில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அப்படியே இருக்கிறது. பின், எடை ஏன் தோன்றுவதில்லை? அந்நிலையம் ஓயாமல் விழுந்துகொண்டிருக்கிறது என்பதே விடை. மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் விரைவதால், அது விழ விழப் பூமியும் அதற்குக் கீழே வளைந்து விலகிக்கொண்டே போகிறது. ஆதலால் தரையைத் தொடாமல் 90 நிமிடத்திற்கு ஒருமுறை உலகை வலம் வருகிறது. கயிறு அறுந்து கீழே விழும் மின்தூக்கியில் எடை பார்க்கும் கருவி சூன்யம் காட்டுவது போல, அந்நிலையத்தில் உள்ள யாவும் ஒன்றாய் விழுவதால் எதற்கும் எடை தெரிவதில்லை. எனினும் மிகச் சிறிய அசைவுகள் எஞ்சி நிற்பதால், இந்நிலையை ‘நுண்ணீர்ப்பு’ என்று வழங்குகின்றனர்.

தரையிலும் இந்நிலையைச் சிறிது நேரம் உண்டாக்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள கோபுரத்தில் ஒரு பெட்டியை விழவிட்டு 2.5 விநாடி நேரம் எடையின்மையைப் பெறுகின்றனர். ஜெர்மனியின் பிரெமன் நகரிலுள்ள 146 மீட்டர் உயரக் கோபுரத்தில் ஐந்து விநாடிக்குச் சற்றுக் குறைவு. வளைந்தேறி இறங்கும் விமானத்தில் 20 விநாடிக்குச் சற்று மேல். தீச்சுடர் உருண்டையாக எரிவதைப் பார்க்க இந்த நேரம் போதும். படிகம் வளர்க்கப் போதாது. அதற்கு நாட்களும் வாரங்களும் வேண்டும். ஆகையினால்தான் விண்கலத்தை நாட வேண்டியதாயிற்று.

தொடக்க முயற்சிகள்

1969 அக்டோபரில் சோவியத்து நாட்டின் சோயுஸ் 6 விண்கலத்தில் உலோகங்களைப் பற்றவைத்துப் பார்த்தனர். 1973 மே மாதத்தில் அமெரிக்கா ஏவிய ஸ்கைலாப் நிலையத்தில் ஒரு சிறு உலை இருந்தது. இண்டியம் ஆன்ட்டிமனைடு என்னும் குறைகடத்திப் பொருளை அதில் உருக்கி மீண்டும் உறையவிட்டனர். தரையில் உறைந்தவற்றில் ஓட்டத்தின் தடமாகக் காணப்படும் வரி வரியான வேறுபாடு, விண்ணில் உறைந்ததில் பெரிதும் மறைந்திருந்தது. கொள்கையளவில் சொன்னது கண்ணெதிரே மெய்யாயிற்று.

1984 ஏப்ரலில் நம் நாட்டு ராகேஷ் சர்மா சல்யூட் 7 நிலையத்திற்குச் சென்றதை அறியாதவர் இலர். அங்கே அவர் பங்குகொண்ட சோதனைகளில் ஒன்று, உருகிய உலோகக் கலவையை உறைநிலைக்குக் கீழும் உறையாமல் குளிர்விக்கும் முயற்சி என்பதைப் பலர் அறியார். அவர் வானிலிருந்து கூறிய மறுமொழி நாட்டின் நினைவில் தங்கிவிட்டது. அந்தச் சிறு உலையின் நினைவு தங்கவில்லை.

1985-இல் ஒரு புதுமை நிகழ்ந்தது. விண்வெளியில் உண்டாக்கிய ஒரு பொருள் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. தங்கமன்று, வைரமன்று. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு விட்டமுள்ள பிளாஸ்டிக் மணிகள்! தரையில் இவை வளரும்போது மிதந்தோ அமிழ்ந்தோ ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அமெரிக்க விண்ணோடத்தில் வளர்த்தபோது அத்தனையும் ஒரே அளவாக, உருண்டையாக அமைந்தன. நுண்ணோக்கிகளையும், நுண்துகளை எண்ணும் கருவிகளையும் சரிபார்க்கும் அளவுகோலாக அவற்றை அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் விற்றது.

நமது பெட்டகம்

இத்துறையில் நம் நாடும் வெறும் பார்வையாளராக நின்றுவிடவில்லை. 2007 ஜனவரி 10ஆம் நாள், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற பி.எஸ்.எல்.வி. ராக்கெட், 550 கிலோ எடையுள்ள ஒரு பெட்டகத்தையும் சுமந்து சென்றது. பன்னிரண்டு நாள் உலகைச் சுற்றிய அப்பெட்டகம் ஜனவரி 22ஆம் நாள் வங்கக் கடலில் பாரசூட்டின் துணையோடு இறங்கியது. கடலோரக் காவற்படையினர் அதை மீட்டனர். விண்ணுக்கு அனுப்பியதைச் சேதமின்றித் திரும்பப் பெறும் வித்தையை நம் நாடு அன்று கைவரச் செய்துகொண்டது.

அப்பெட்டகத்தினுள் இரண்டு சோதனைகள் நடந்தன. உலோகம் உருகிப் படிகமாவதை ஆராயும் உலை ஒன்று. அதைப் பெங்களூர் இந்திய அறிவியற் கழகமும் திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் சேர்ந்து அமைத்தன. மிக நுண்ணிய படிகங்களை உண்டாக்கும் சோதனை மற்றொன்று. எலும்பு முதலியவற்றுக்கு இயற்கையை ஒத்த மாற்றுப் பொருள்களை வகுக்க அது உதவக்கூடும் என எதிர்பார்த்தனர். இதில் அம்மையத்தோடு சேர்ந்து உழைத்தது ஜாம்ஷெட்பூர் தேசிய உலோகவியல் ஆய்வகம். பெங்களூர், திருவனந்தபுரம், ஜாம்ஷெட்பூர் ஆகிய மூன்று ஊர்களிலும் தமிழ்க் குடும்பங்கள் வேரூன்றி வாழ்கின்றன. அங்குள்ள நம்மவர் இச்செய்தியைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

மருந்தும் படிகமும்

இனி, நம் அனைவர் வாழ்வையும் தொடக்கூடிய பகுதிக்கு வருவோம்.

நம் உடலின் வேலைகளை நடத்துவன புரதங்கள். ஒரு புரதத்தின் வடிவத்தை அறிந்தால்தான் அதற்குப் பொருந்தும் மருந்தை வகுக்க இயலும். வடிவத்தை அறியும் வழிகளில் முதன்மையானது, அப்புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ் கதிரைச் செலுத்திப் பார்ப்பது. 1983-இல் ஜெர்மானிய வேதியியலார் வால்ட்டர் லிட்கே, விண்ணோடத்தில் புரதப் படிகங்களை வளர்த்துக் காட்டினார். தரையில் வளர்ந்தவற்றைக் காட்டிலும் அவை பெரியவை என்ற செய்தி உலகெங்கும் ஆர்வத்தைக் கிளறிற்று. ஆயினும் ஆர்வத்தின் பின்னே ஐயமும் வந்தது. 1998-இல் அமெரிக்க உயிரணு உயிரியல் சங்கம், இம்முயற்சியால் புரதங்களைப் பற்றிய அறிவு பெரிதாக வளர்ந்துவிடவில்லை என்று கூறி, அதை நிறுத்துமாறு பரிந்துரைத்தது. சில புரதங்கள் விண்ணில் நன்றாக வளர்ந்தன. வேறு சில தரையினும் மோசமாக வளர்ந்தன. எடை நீங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எளிய நம்பிக்கை தகர்ந்தது.

இதற்குக் காரணமும் உண்டு. நீர்ப்பரப்பில் ஒரு கற்பூரத் துண்டை இட்டால் அது அங்குமிங்கும் ஓடுவதைச் சிறுவயதில் கண்டு களித்திருப்போம். அதை ஓட்டுவது எடையன்று; நீரின் பரப்பு இழுவிசையில் உண்டாகும் ஏற்றத்தாழ்வு. தரையில் வெப்பச் சலனத்தின் நிழலில் மறைந்திருக்கும் இவ்வோட்டம், விண்ணில் தலைதூக்குகிறது. அன்றியும் விண்வெளி வீரர் உடற்பயிற்சி செய்வதாலும், புதுக்கலம் வந்து இணைவதாலும் நிலையம் அதிர்கிறது. ‘கண்ணாடி, கவனம்’ என்று எழுதி ஒட்டிய பார்சலும் வண்டி இணைக்கும்போது ஒரு குலுக்கு வாங்காமல் தப்புவதில்லை என்பது எம்மைப் போன்ற இருப்புப் பாதை ஊழியர் அறிந்த செய்தி. விண்ணிலும் அப்படியே.

ஆயினும் முயற்சி நிற்கவில்லை. புற்றுநோய்க்கு வழங்கப்படும் பெம்புரோலிசுமாப் என்னும் மருந்தின் படிகங்களை, மெர்க் நிறுவனத்தார் 2017-இல் விண்வெளி நிலையத்தில் வளர்த்தனர். 2019-இல் முடிவு வெளியாயிற்று. தரையில் வளர்த்தவை இருவேறு அளவினவாய், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 13 பங்கும் 102 பங்குமாகப் பிரிந்து நின்றன. விண்ணில் வளர்ந்தவை 39 பங்கு என்னும் ஒரே அளவைச் சுற்றி ஒழுங்காக அமைந்தன. ஒழுங்கான படிகம் கலந்த நீர்மம் எளிதாக ஊசியில் ஏறும். அவ்வாறு ஆனால், நரம்பு வழியே சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டிய மருந்தை ஒரே ஊசியாகப் போட்டுவிடலாம்.

இதன் பொருள் என்ன என்பதைச் சீட்டு வழங்கும் சாளரத்தின் உள்ளிருந்து நாம் அறிவோம். புற்றுநோயாளிக்கும் துணை வருவோர்க்கும் உரிய சலுகைப் படிவத்தை நீட்டும் கைகளை நாம் காண்கிறோம். சிற்றூரிலிருந்து பெருநகர மருத்துவமனைக்கு மூன்று வாரத்திற்கு ஒருமுறை வருவோர் உண்டு. பணி நிமித்தம் வெளிமாநிலத்தில் வாழும் மகன், ஊரிலுள்ள தாயைத் தன்னிடம் அழைத்துவந்து, ஒரு நாள் ஊதியத்தை இழந்து, சொட்டு இறங்கி முடியும்வரை அருகில் அமர்ந்திருப்பதும் உண்டு. நம் வாசகர் வீடுகளிலும் இது நேர்ந்திருக்கும். சொட்டு ஊசியானால் பயணம் முற்றும் நின்றுவிடாது. மருந்தின் விலையும் தானாகக் குறைந்துவிடாது. ஆயினும் காத்திருக்கும் நேரம் சுருங்கும். சிறிய மருத்துவமனையிலும் போட வழி பிறக்கும்.

உண்மையை மறையாது கூறுவதாயின், 2025 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்மருந்தின் ஊசி வடிவம் படிகத்தால் ஆனதன்று; ஒரு நொதியின் துணையால் தோலின் கீழ்ச் செலுத்தப்படுவது. விண்வெளிச் சோதனை வேறொரு வகையில் பயன் தந்தது. சலனமும் படிதலும் அளவைக் குலைக்கின்றன என்று மேலே கற்றுக்கொண்டபின், கரைசலை மெல்லச் சுழற்றியும் வெப்பத்தை நெறிப்படுத்தியும் தரையிலேயே ஒழுங்கான படிகத்தைப் பெற முயன்று வெற்றியும் கண்டனர்.

படிகத்தின் அடுக்கு மாறினால் மருந்து என்னாகும் என்பதற்கு ரிட்டோனவிர் ஒரு பாடம். எய்ட்ஸ் நோய்க்குரிய இம்மருந்து 1996-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1998-இல் அதன் குளிகைகளுக்குள் முன்பு எவரும் கண்டிராத புதிய படிக வடிவம் திடீரெனத் தோன்றிற்று. பொருள் அதுவே, அடுக்கு மட்டும் வேறு. புது வடிவம் எளிதில் கரையாமையால் மருந்து உடலிற் சேரவில்லை. குளிகைகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற நேர்ந்தது. உயிர் காக்கும் மருந்தை நம்பியிருந்தோர் கசப்பான திரவ வடிவத்திற்கு மாற வேண்டியதாயிற்று.

அதே ரிட்டோனவிரை வார்டா என்னும் அமெரிக்க நிறுவனம் 2023 ஜூனில் ஆளில்லாத ஒரு சிறு கலத்தில் விண்ணுக்கு அனுப்பி, அதன் மூன்றாவது வடிவப் படிகத்தை அங்கே உண்டாக்கிற்று. 2024 பிப்ரவரி 21ஆம் நாள் அக்கலத்தின் பெட்டகம் யூட்டா மாநிலத்துப் பாலைநிலத்தில் இறங்கியது. காற்று மண்டலத்தைக் கிழித்துக்கொண்டு வந்த வெப்பத்தையும் அதிர்ச்சியையும் தாங்கி, மருந்து வடிவம் மாறாமல் இருந்தது. அது நோயாளிக்கு வழங்குவதற்காக அன்று. செய்யவும் கொண்டுவரவும் இயலும் என்று காட்டுவதற்காக.

படிகம் பகையாகும் இடம்

படிகம் எங்கும் நண்பன் அன்று. இருப்புப் பாதையோரம் புதைந்து நாட்டின் செய்திகளைச் சுமக்கும் கண்ணாடி இழையை எடுத்துக்கொள்வோம். இப்போதுள்ள இழை மணலின் இனமான சிலிக்காவால் ஆனது. ஸிப்லான் என்னும் ஃப்ளூரைடு கண்ணாடியால் இழை செய்தால், ஒளி அதில் இன்னும் குறைந்த இழப்போடு செல்லக்கூடும் எனக் கணக்கிட்டுள்ளனர். தரையில் அதை உருக்கி இழுக்கும்போது உள்ளே நுண்படிகங்கள் முளைத்து ஒளியைச் சிதறடிக்கின்றன. எடையற்ற நிலையில் அம்முளைகள் அடங்குகின்றன. 2024-இன் தொடக்கத்தில் விண்வெளி நிலையத்தில் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் இழையை இழுத்தெடுத்தனர். நீளம் மட்டுமே தரமாகாது என்றாலும், ஆய்வுக்கூடத்து விளையாட்டாகத் தொடங்கியது தொழிற்சாலையின் வாயிற்படியில் வந்து நிற்கிறது எனலாம்.

கூலி கட்டுபடியாகுமா?

சரக்குக் கட்டணம் வகுப்பதில் ஒரு பழைய நெறி உண்டு. கட்டணத்தை நிச்சயிப்பது சரக்கின் எடை மட்டுமன்று. அச்சரக்கு எவ்வளவு தாங்கும் என்பதும் பார்க்கப்படும். கரியும் கல்லும் டன் கணக்கில் சென்றாலும் குறைந்த கட்டணமே தாங்கும். விலையுயர்ந்த பொருள் கைப்பெட்டியளவே இருப்பினும் பெருங்கட்டணம் தாங்கும். விண்ணுக்கு ஒரு கிலோவை அனுப்ப இன்றும் பல லட்ச ரூபாய் ஆகிறது. திரும்பக் கொண்டுவருவதற்குத் தனிச் செலவு. இரும்பும் அலுமினியமும் இக்கூலியைத் தாங்கா. சில கிராமில் ஆயிரம் பேருக்குப் பயன்படும் மருந்து, ஒரு சிறு சுருளில் பல கிலோமீட்டர் அடங்கும் இழை, குறையற்ற குறைகடத்தி விதைப் படிகம் போன்றவையே தாங்கக்கூடும்.

இவை எல்லாவற்றையும்விடக் கூலியை எளிதாகத் தாங்கும் சரக்கு ஒன்று உண்டு. அது மேலே கற்ற பாடம். ஒருமுறை கொண்டுவந்தால் போதும். பிறகு கூலியின்றி எந்த ஆலைக்கும் செல்லும். இதுவரை விண்வெளிப் படிகங்கள் தந்த பயனில் இதுவே பெரும்பங்கு என்று நாம் கருதுகிறோம். எடை என்ன செய்கிறது என்பதை எடையுள்ள இடத்தில் இருந்துகொண்டு பிரித்தறிய முடியவில்லை; ஒருமுறை அதை விட்டு விலகிப் பார்த்தபின்பே தெரிந்தது.

இனி ‘விண்வெளியில் செய்த அதிசய மருந்து’ என்ற செய்தியை நாளிதழிலோ கைப்பேசியிலோ காணும்போது, அன்பர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். மேலே வளர்த்ததோடு ஒப்பிடத் தரையிலும் அதே முறையில் வளர்த்தார்களா? ஒருமுறை கண்டதை மீண்டும் கண்டார்களா? அங்கே கற்றதைக் கொண்டு இங்கேயே செய்ய வழியுண்டா? மூன்றுக்கும் தக்க விடை இருக்குமாயின் அச்செய்தியை மகிழ்ச்சியோடு பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டலாம், இல்லையேல் பொறுத்திருக்கலாம். பொறுமை என்பது படிகம் வளர்ப்போர்க்கு மட்டுமன்றிப் படிகத்தைப் பற்றிப் படிப்போர்க்கும் வேண்டியதே.

சலுகைப் படிவத்தோடு சாளரத்தின் முன் நிற்கும் வரிசை இவ்வாண்டிலோ அடுத்த ஆண்டிலோ இவ்வாராய்ச்சியால் குறைந்துவிடப் போவதில்லை. என்றேனும் ஒரு நாள் சிறிது குறையுமானால், அதற்குக் காரணமானவற்றுள் வானில் சுற்றிய ஒரு சிறு உலையும் இடம்பெற்றிருக்கக் கூடும். அந்த நாளை எதிர்பார்த்து உழைக்கும் விஞ்ஞானிகளுக்கு நம் வாழ்த்துக்கள் உரியன.